அரசு வேலைக்குச் சொந்த மின்னஞ்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக வேலையைச் சொந்த மின்னஞ்சலில் பார்க்கும் அலுவலர்கள், அவர்களுடைய கணினிகளைப் பராமரிப்பவர்கள், அந்த அஞ்சல்களை மனுப் போட்டுக் கேட்பவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இந்தப் பக்கம் பயன்படும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சிக்கல்கள் பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான்.

சொந்த மின்னஞ்சல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

அலுவலகம் தராத, அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத எந்தக் கணக்கும் சொந்தக் கணக்குதான். ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்ற இலவசக் கணக்குகள், காசு கொடுத்து வாங்கிய சொந்த டொமைன், வீட்டில் வைத்த சர்வர், கட்சி கொடுத்த முகவரி, பகுதிநேரமாகப் பாடம் நடத்தும் கல்லூரி கொடுத்த முகவரி எல்லாம் இதில் அடங்கும். கணக்கை யார் முடக்கலாம், யார் நகலெடுக்கலாம், பாஸ்வேர்டை யார் மாற்றலாம் என்று கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் ‘அலுவலகம்’ என்று பதில் சொல்ல முடியாவிட்டால் அது சொந்தக் கணக்கு.

சொந்தக் கைபேசியில் அலுவலக அஞ்சலைத் திறந்து பார்ப்பது வேறு விஷயம். அங்கே கருவி உங்களுடையது, கணக்கு அலுவலகத்துடையது. அதற்குத் தனி விதிகள் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலை ஒழுங்காக நடந்தால் போதாதா? எந்த முகவரியிலிருந்து அனுப்பினால் என்ன?

போதாது. அஞ்சல் அனுப்பிய அன்று வேலை நடந்துவிடும். தொல்லை பிறகுதான் வரும்.

முதலில், அலுவலகத்தில் பதிவு இல்லாமல் போகிறது. ஓர் உத்தரவு ஏன் பிறந்தது, யார் ஆட்சேபித்தார், எந்த விலைப்புள்ளி முதலில் வந்தது என்பதையெல்லாம் மூன்று வருடம் கழித்து ஒரு தணிக்கையாளரோ நீதிமன்றமோ கேட்கும். கோப்பில் இறுதிக் கடிதம் மட்டும் இருக்கும், அதற்கு முந்தைய பேச்சுவார்த்தை மாற்றலாகிப் போனவரின் பெட்டியில் இருக்கும். அடுத்து அந்த நாற்காலிக்கு வருபவர் ஒன்றுமே தெரியாமல் ஆரம்பிக்கிறார். பதவி மாறும், கணக்கு ஆளோடு போய்விடும்.

கணக்கு கைவிடப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அதிலுள்ள எல்லாவற்றோடும் சேர்த்து அழிக்கலாம் என்பது கூகுள் வைத்திருக்கும் விதி. ஓர் ஆவணத்தை எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்று அரசு வகுத்த கால அட்டவணை அந்த நிறுவனத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

பாதுகாப்பு இதற்கு அடுத்தது. தகவல் கேட்கும் குடிமக்களின் உரிமையும் அதோடு சேர்ந்தது. செய்திகளில் ஹேக்கர்கள்தான் பெரிதாக வருவார்கள். ஆனால் அன்றாடம் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி ‘அந்த அஞ்சல் எங்கே?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போவதுதான்.

எது அலுவல் அஞ்சல், எது சொந்த அஞ்சல்? எங்கே கோடு போடுவது?

முகவரியை மறைத்துவிட்டு அஞ்சலைப் படியுங்கள். சான் ஹோசே நகர நிர்வாகத்தின் மீதான வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் கொடுத்த தீர்ப்பு இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது. அஞ்சலில் என்ன எழுதியிருக்கிறது, எதற்காக எழுதப்பட்டது, யாருக்குப் போனது, எழுதியவர் தன் பணியின் எல்லைக்குள் நின்று எழுதினாரா என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. அலுவல் விஷயம் என்றால், சொந்தக் கணக்கில் இருந்தாலும் அது பொது ஆவணம்தான் என்று தீர்ப்பளித்தது.

‘இன்று சீக்கிரம் கிளம்புகிறேன், குழந்தைக்குக் காய்ச்சல்’ என்று சக ஊழியருக்கு எழுதுவது சொந்த விஷயம். ‘அந்த ஒப்பந்ததாரர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா?’ என்று எழுதினால், ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டிலிருந்து எழுதினாலும் அது அலுவல். ஒரே அஞ்சலில் இரண்டும் கலந்திருந்தால் முழு அஞ்சலையும் அலுவல் பக்கம் சேர்த்துவிடுங்கள். சொந்த வரிகளை வெளியிடும் நேரத்தில் மறைத்துக்கொள்ளலாம். வைக்கும் நேரத்தில் வெட்டாதீர்கள்.

இதைச் சட்டம் முழுவதும் தடை செய்கிறதா?

பல நாடுகளில் முழுத் தடை இல்லை, நிபந்தனை உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி அரசில் 2014 நவம்பரில் வந்த சட்டத் திருத்தம் தெளிவானது. சொந்தக் கணக்கிலிருந்து அலுவல் அஞ்சல் அனுப்பினால், அனுப்பும்போதே அலுவலக முகவரிக்கு சிசி (நகல்) போட வேண்டும். இல்லையேல் 20 நாளுக்குள் முழு நகலையும் அலுவலக முகவரிக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டும். வேண்டுமென்றே மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இதை வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறது. ஓர் அரசு அமைப்பின் சார்பில் வைத்திருக்கும் தகவல் என்றால், அது எந்தப் பெட்டியில் கிடந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டது. கல்வி அமைச்சராக இருந்த மைக்கேல் கோவ் தனி முகவரி பயன்படுத்தியது 2011-இல் வெளியானபோது, தகவல் ஆணையர் அலுவலகம் இதே நிலையைத்தான் எடுத்தது.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ‘தகவல்’ என்பதன் விளக்கத்திலேயே மின்னஞ்சலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட மின்னஞ்சல் கொள்கை, அரசுக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு அஞ்சலைத் திருப்பிவிடுவதைப் பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுத்தது.

சொந்த முகவரிக்கு அலுவல் அஞ்சல் தானாக வந்துவிட்டது. நான் கேட்கவே இல்லை. என்ன செய்ய வேண்டும்?

வந்தது உங்கள் தவறில்லை. அங்கிருந்தே பதில் எழுதுவதுதான் தவறு. அன்றே முடித்துவிடக்கூடிய வேலை இது:

1. அந்தப் பெட்டியிலிருந்து ‘சரி, பார்க்கிறேன்’ என்றுகூடப் பதில் போடாதீர்கள். ஒரு வரி எழுதினாலும் உரையாடல் அங்கேயே வேர்விடும்.
2. அஞ்சலை இணைப்பாக வைத்து அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். ஏன் இணைப்பாக என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.
3. அலுவலகப் பெட்டியில் அது வந்து சேர்ந்ததா, இணைப்பு திறக்கிறதா, உள்ளே இருக்கும் கோப்புகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய இணைப்பு வழியில் கழன்றுபோவது சாதாரணம்.
4. உரிய கோப்பு எண்ணில் சேருங்கள். இன்பாக்ஸில் கிடப்பதைக் கோப்பில் சேர்த்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.
5. அலுவலக முகவரியிலிருந்து பதில் எழுதுங்கள். முதல் வரியிலேயே ‘இனி இந்த முகவரிக்கே எழுதவும்’ என்று சொல்லிவிடுங்கள்.

மூலத்தை உடனே அழிக்க வேண்டாம். நகல் சேர்ந்தது உறுதியாகி, அந்த விஷயத்தில் தகவல் மனுவோ வழக்கோ விசாரணையோ நிலுவையில் இல்லை என்று தெரிந்த பிறகு உங்கள் அலுவலக விதி சொல்வதுபோல் செய்யுங்கள். நிலுவையில் ஏதாவது இருந்தால் தொடவே கூடாது.

சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால் என்ன குறைந்துவிடும்?

ஒவ்வொரு அஞ்சலுக்கும் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதி ஒன்று இருக்கிறது. எந்த சர்வர்கள் வழியாக எந்த நொடியில் கடந்தது, அதற்கென்று தனி அடையாள எண் என்ன, எந்த அஞ்சலுக்குப் பதிலாக எழுதப்பட்டது என்பதெல்லாம் அங்கே பதிவாகும். சாதாரண ஃபார்வர்டில் இந்தப் பகுதி போய்விடும். அனுப்பியவர் பெயர், தேதி, பொருள் என்ற நான்கைந்து வரி மட்டும் வெறும் எழுத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ‘இந்த அஞ்சல் அன்று வரவே இல்லை’ என்று ஒருவர் மறுத்தால் கையில் ஆதாரம் இருக்காது.

ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அஞ்சலின் மூன்று புள்ளி மெனுவில் இணைப்பாக ஃபார்வர்டு செய்யும் வசதியைத் தேர்ந்தெடுக்கலாம். அதே மெனுவில் அஞ்சலைத் தரவிறக்கினால் தலைப்புப் பகுதியோடு முழு அஞ்சலும் அடங்கிய இ.எம்.எல். கோப்பு கிடைக்கும், அதை இணைத்தாலும் சரி. விண்டோஸில் நிறுவிய அவுட்லுக்கில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். கைபேசியிலிருந்து செய்தால் பெரும்பாலும் சாதாரண ஃபார்வர்டுதான் போகும். கணினிக்கு வரும்வரை பொறுங்கள்.

அச்சிட்டுக் கோப்பில் குத்துவது இதைவிடக் கீழான வழி. தேட முடியாது, தலைப்புப் பகுதி இருக்காது, இணைப்புகள் தனியே போய்விடும். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலரி கிளின்டன் 2014 டிசம்பரில் வெளியுறவுத் துறைக்குத் தன் அலுவல் அஞ்சல்களைச் சுமார் 55,000 பக்கக் காகிதமாகத்தான் கொடுத்தார். அச்சில் வந்த அஞ்சலை வெளியிட மீண்டும் ஸ்கேன் செய்தாக வேண்டும்.

ரகசிய முத்திரை உள்ள ஆவணம் சொந்தப் பெட்டிக்கு வந்துவிட்டால்? அதையும் ஃபார்வர்டு செய்யலாமா?

கூடாது. மேலே சொன்ன வழிமுறைக்கு இது ஒன்றுதான் விலக்கு. நல்ல எண்ணத்தோடு பலர் இடறுவதும் இங்கேதான். ரகசியத் தகவலைச் சாதாரண அலுவலக அஞ்சலுக்கு அனுப்பினால் இதுவரை ஓர் இடத்தில் சிந்தியது இப்போது மேலும் மூன்று இடத்தில் சிந்தும்: உங்கள் ‘அனுப்பியவை’ அடைவு, அலுவலக சர்வர், அதன் பேக்கப். அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே சுத்தம் செய்ய வேண்டிவரும்.

திறந்திருந்தால் மூடுங்கள். அனுப்பாதீர்கள், அச்சிடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். பாதுகாப்பு அலுவலரிடம் நேரிலோ அவர் அனுமதித்த தொலைபேசியிலோ சொல்லுங்கள். ஆவணத்தின் உள்ளடக்கத்தை விவரிக்காமல் வந்த நேரம், அனுப்பியவர், எந்தெந்தக் கருவியில் அந்தக் கணக்கு திறந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். கைபேசி, டேப்லெட், வீட்டுக் கணினி என்று கணக்கு ஒத்திசையும் ஒவ்வொரு கருவியிலும் ஒரு நகல் இறங்கியிருக்கும். அவர்கள் கருவிகளை வாங்கிக்கொண்டு போகலாம். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் வேறு வழி கிடையாது.

அலுவலக அஞ்சல் பாதி நாள் திறக்கவே திறக்காது. பெரிய கோப்பு போகாது. வேலை நிற்கலாமா?

நியாயமான கேள்வி. சொந்தக் கணக்குக்குப் போகிற பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். மறைக்கும் எண்ணத்தோடு செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அலுவலக அமைப்பு படுத்தும் பாடு தாங்காமல் போகிறவர்களே அதிகம். சுற்றறிக்கை விட்டு மட்டும் இதைத் தடுக்க முடியாது. அலுவலகம் பெட்டியின் கொள்ளளவையும் கைபேசி வசதியையும் சரிசெய்ய வேண்டும்.

இடைக்காலத்தில் அவசரமாக அனுப்பியே ஆக வேண்டும் என்றால், அலுவலக முகவரியை சிசி-யில் போட்டு அனுப்புங்கள். மற்றவர்களுக்குத் தெரியாத நகலான பிசிசி-யில் வேண்டாம். எதிர்முனையில் இருப்பவர் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினால் அது அலுவலகத்துக்கும் வர வேண்டும், பிசிசி-யில் போட்டால் வராது. அலுவலக சர்வர் முழுதாக முடங்கியிருக்கும்போது சிசி நகலும் திரும்பலாம். சேவை திரும்பியதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய கோப்பைப் பற்றி ஒரு கணக்கு: அஞ்சலில் இணைக்கும்போது கோப்பு வெறும் எழுத்துகளாக மாற்றப்படுவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 20 எம்பி வரம்புள்ள பெட்டியில் 15 எம்பி கோப்பு திரும்பி வருவது அதனால்தான். ஸ்கேன் செய்த பக்கங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்திக்குப் பதில் 200-இலோ 300-இலோ எடுத்தாலே பல கோப்புகள் உள்ளே அடங்கிவிடும். இதை விட்டுவிட்டுச் சொந்த கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை அனுப்பினால் பதிவில் அந்த முகவரிதான் இருக்கும், ஆவணம் இருக்காது. நாளைக்கு நீங்கள் அனுமதியை மாற்றினாலோ கணக்கை மூடினாலோ கோப்பு காணாமல் போகும். இணைப்பு முகவரி வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்று அமைத்துவிட்டால் அது வேறொரு தலைவலி.

அலுவலக அஞ்சல் எல்லாம் தானாக என் ஜிமெயிலுக்கு வரும்படி வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் இருக்கிறதே, பிறகு என்ன?

உள்ளே வருவதுதான் இரண்டு இடத்திலும் இருக்கும். நீங்கள் ஜிமெயிலிலிருந்து எழுதும் பதில் அலுவலகத்தில் இருக்காது. பதிவில் கேள்விகள் மட்டும் நிற்கும், விடைகள் காணாமல் போகும். தணிக்கைக்கு இதைவிடச் சந்தேகம் தரும் நிலை வேறில்லை.

பாதுகாப்புப் பக்கம் பார்த்தால், ஒரு கணக்கைப் பிடித்தவர்கள் சத்தமில்லாமல் தங்களுக்கு அஞ்சல் திரும்பும்படி விதி எழுதிவிட்டுப் போவது பழைய தந்திரம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். அலுவலகத்தில் வெளிக்கணக்குகளுக்குத் திருப்பும் வசதியை சர்வரிலேயே அடைத்துவிட்டால், இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும். கணினிப் பிரிவு மாதம் ஒருமுறை எல்லாக் கணக்குகளின் திருப்பு விதிகளையும் பட்டியலெடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வேண்டுமென்று செய்யாமலேயே சொந்த முகவரியிலிருந்து போய்விடுகிறது. ஏன்?

ஒரே கைபேசிச் செயலியில் இரண்டு கணக்கையும் வைத்திருப்பீர்கள். புதிய அஞ்சல் தொடங்கும்போது செயலி தன் இயல்புக் கணக்கை எடுத்துக்கொள்ளும். புகைப்படத்திலிருந்தோ கோப்பிலிருந்தோ நேராகப் ‘பகிர்’ என்று அழுத்தும்போது இது அடிக்கடி நடக்கும். அலுவலகக் கணக்குக்குத் தனிச் செயலி வையுங்கள், இரண்டையும் ஒன்றில் கலக்காதீர்கள்.

பெறுபவர் பக்கமும் கோளாறு உண்டு. இரண்டு எழுத்துத் தட்டியதும் பழைய முகவரி தானாக வந்து நிற்கும். மேலதிகாரியின் ஜிமெயில் உங்கள் பட்டியலில் இருந்தால் அதுதான் முதலில் வரும். தொடர்புகளிலிருந்து நீக்கினால் மட்டும் போதாது, செயலி நினைவில் வைத்திருக்கும் பரிந்துரையையும் நீக்க வேண்டும்.

ஜிமெயிலில் ஓடிபி, இரட்டைச் சரிபார்ப்பு எல்லாம் இருக்கிறது. அரசு சர்வரைவிடப் பாதுகாப்புதானே?

சில இடங்களில் இது உண்மை என்றே ஒத்துக்கொள்கிறோம். பெரிய நிறுவனத்தின் தொழில்நுட்பம் பல அலுவலக சர்வர்களைவிட மேல். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. சொந்தக் கணக்கின் பூட்டு, சொந்த வாழ்க்கை விவரங்களால் ஆனது. 2008 செப்டம்பரில் அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினின் யாஹூ கணக்கில் நுழைந்தவர் பாஸ்வேர்டை உடைக்கவே இல்லை. ‘மறந்துவிட்டேன்’ என்று அழுத்தி, பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற கேள்விகளுக்குப் பொதுவெளியில் கிடைத்த தகவலை வைத்துப் பதில் சொன்னார், அவ்வளவுதான். 2015-இல் சிஐஏ இயக்குநர் ஜான் பிரென்னனின் ஏஓஎல் கணக்குக்குள் பதின்வயதினர் புகுந்தது தொலைபேசி நிறுவன ஊழியர்போல் பேசி விவரம் கறந்துதான். அந்தப் பெட்டியில் அவருடைய பாதுகாப்பு அனுமதி விண்ணப்பமும் கிடந்தது.

அதைவிட முக்கியம், உடைப்பு நடந்த பிறகு என்ன ஆகும் என்பது. அலுவலகக் கணக்கு என்றால் நுழைவுப் பதிவை எடுத்து, எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு யார் வந்தார், எதைத் திறந்தார் என்று பார்க்க ஆள் உண்டு. சொந்தக் கணக்கில் அதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். பெரும்பாலும் வேறு யாராவது சொல்லித்தான் உங்களுக்கே தெரியவரும்.

அப்படியானால் சொந்தமாகவே சர்வர் வைத்துக்கொண்டால்?

வேண்டாம். ஒரு மின்னஞ்சல் சர்வரைத் திருத்தங்கள், கண்காணிப்பு, பேக்கப் என்று ஒழுங்காக நடத்த முழுநேர ஆட்கள் தேவை. கிளின்டன் வெளியுறவு அமைச்சராக இருந்த 2009 முதல் 2013 வரை நியூயார்க் மாநிலம் சப்பாக்வா வீட்டோடு இணைந்த சர்வரில்தான் அலுவல் அஞ்சல் ஓடியது. 2016 ஜூலையில் எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி, குற்றச்சாட்டு பதியப் பரிந்துரைக்கவில்லை என்றாலும், அந்த அஞ்சல்களைக் கையாண்ட விதம் மிகுந்த கவனக்குறைவு என்றார். அந்தக் கணக்கு இருப்பதே வெளியே பரவலாகத் தெரியவந்த கதையில் ஒரு பங்கு, கிளின்டனுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்த இன்னொருவரின் ஏஓஎல் பெட்டியை 2013-இல் ஒரு ஹேக்கர் திறந்ததற்கு உண்டு. உங்கள் சர்வரை எவ்வளவு பூட்டினாலும் எதிர்முனைப் பெட்டி உங்கள் கையில் இல்லை.

எங்கள் சிறிய அலுவலகத்துக்கு அரசு முகவரியே கொடுக்கவில்லை. ஜிமெயில்தான் எல்லாமே.

உள்ளாட்சி அமைப்புகள், கிளை அலுவலகங்கள், ஒப்பந்த ஊழியர்கள் பலருக்கும் இதே நிலைதான். அரசு முகவரி கிடைக்கும்வரை அந்தக் கணக்கை ஆளிடமிருந்து பிரித்துப் பதவியோடு கட்டுங்கள். பெயர் பதவியின் பெயராக இருக்கட்டும், ஆள் பெயர் வேண்டாம். மீட்பு எண்ணாக அலுவலகக் கைபேசியைக் கொடுங்கள். மீட்பு முகவரியாக மேல் அலுவலகத்தின் முகவரி இருக்கட்டும். பழைய எழுத்தரின் சொந்த எண் மீட்பு எண்ணாக இருந்து, அவர் போன பிறகு அலுவலகமே தன் கணக்குக்கு வெளியே நிற்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து.

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவி, முத்திரை, பதிவேடுகளோடு இந்தக் கணக்கையும் ஒரு வரியாகச் சேருங்கள். புதியவர் பொறுப்பேற்கும் அன்றே பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்ற வேண்டும். மாதம் ஒருமுறை கூகுளின் ஏற்றுமதி வசதி வழியாக முழுப் பெட்டியையும் எம்பாக்ஸ் (எல்லா அஞ்சல்களையும் ஒன்றாக அடக்கும்) கோப்பாக எடுத்து அலுவலக வட்டில் வையுங்கள். எடுத்ததைத் திறந்து பார்த்தால்தான் எடுத்ததற்கு அர்த்தம்.

வாட்ஸ்அப், சிக்னலில் பேசிக்கொள்வது மின்னஞ்சல் இல்லையே?

அளவுகோல் அதேதான்: உள்ளடக்கம் அலுவல் என்றால் ஆவணம். அமெரிக்கச் சட்டத் திருத்தமே மின்னஞ்சல் என்று சொல்லாமல் மின்னணுச் செய்திக் கணக்குகள் என்று பொதுவாகத்தான் சொல்கிறது. இங்கே கூடுதல் சிக்கல், தானாக அழியும் செய்திகள். 2025 மார்ச்சில் ஏமன் தாக்குதல் குறித்து அமெரிக்க உயரதிகாரிகள் சிக்னல் குழுவில் பேசியதும், அதில் ஒரு பத்திரிகை ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்ததும் உலகம் அறிந்த செய்தி. அதில் சில செய்திகள் சில வாரங்களில் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. செய்தியை வெளியார் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் தவறான ஆளைக் குழுவில் சேர்ப்பதை அது தடுக்காது.

அலுவல் குழுக்களில் தானாக அழியும் அமைப்பை அணைத்து வையுங்கள். முடிவு ஏதாவது எடுக்கப்பட்டால் உரையாடலை ஏற்றுமதி செய்து அன்றே அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது கடைசி வழி. அதில் தேட முடியாது, நடுவில் விட்டுப்போனதும் தெரியாது.

தகவல் மனு வந்திருக்கிறது. என் சொந்தப் பெட்டியில் எப்படித் தேடுவது?

பொதுவாக அலுவலகம் உங்கள் பெட்டிக்குள் வந்து தேடாது. நீங்களே தேடி, தேடிய விதத்தை எழுத்தில் உறுதி கூற வேண்டும். சான் ஹோசே தீர்ப்பும் இந்த முறையை ஏற்கிறது. உங்கள் குடும்ப அஞ்சல்களை யாரும் படிக்காமல் இருக்க இது வழி. ஆகவே நேர்மையாகச் செய்வது உங்களுக்கே நல்லது.

பொருள் வரியை மட்டும் பார்த்து ஒதுக்காதீர்கள். கிளின்டன் தரப்பு வழக்கறிஞர்கள் ஒவ்வொரு அஞ்சலையும் படிக்காமல் தலைப்பு விவரங்களையும் தேடுசொற்களையும் வைத்துப் பிரித்தார்கள். அவர்கள் ஒப்படைத்த சுமார் 30,000 அஞ்சல்களில் இல்லாத பல ஆயிரம் அலுவல் அஞ்சல்களை எஃப்பிஐ பிறகு கண்டெடுத்தது. ‘சும்மா’, ‘நாளைக்கு’, ‘ஃபார்வர்டு’ என்ற பொருள் வரிகளுக்குக் கீழேதான் முக்கிய விஷயங்கள் ஒளிந்திருக்கும்.

முதலில் மனுவில் உள்ள காலவரம்பைப் போடுங்கள். பிறகு தொடர்புடைய ஒவ்வொருவரின் எல்லா முகவரிகளையும், அவர்களுடைய சொந்த முகவரிகள் உட்பட, தனித்தனியாகத் தேடுங்கள். அடுத்து திட்டத்தின் பெயர், கோப்பு எண், இடத்தின் பெயர். தமிழிலும் ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் தேடுங்கள், மூன்றாவதைப் பெரும்பாலோர் மறப்பார்கள். ‘அனுப்பியவை’, ‘வரைவு’, ‘ஸ்பேம்’, ‘குப்பை’ அடைவுகளையும் விடாதீர்கள். ஜிமெயிலில் சாதாரணத் தேடல் ஸ்பேமையும் குப்பையையும் சேர்த்துக்கொள்வதில்லை. குப்பையில் இருப்பது 30 நாளில் போய்விடும் என்பதால் அங்கிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். எந்தச் சொல்லுக்கு எத்தனை கிடைத்தது என்று குறித்து வையுங்கள். மேல்முறையீட்டில் அந்தக் குறிப்பு உங்களைக் காப்பாற்றும்.

நான் மனுதாரர். அதிகாரியின் சொந்த மின்னஞ்சலில் இருப்பதை எப்படிக் கேட்பது?

‘எல்லா மின்னஞ்சல்களும் வேண்டும்’ என்று கேட்டால் மறுப்புதான் வரும். பொருள், காலம், பதவி என்ற மூன்றையும் குறுக்குங்கள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்த ஒப்பந்தம் குறித்து, இந்தப் பதவியில் இருந்தவர் அனுப்பிய, பெற்ற செய்திகள், அலுவலகக் கணக்கானாலும் சொந்தக் கணக்கானாலும் செய்திச் செயலியானாலும்’ என்று எழுதுங்கள். கடைசிப் பகுதியை எழுதாவிட்டால் அலுவலக சர்வரை மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடித்துவிடுவார்கள்.

‘அது அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இல்லை’ என்ற பதில் வந்தால், 2016 ஜூலையில் வாஷிங்டன் நகரிலுள்ள அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே வாதத்தை ஏற்க மறுத்தது நினைவில் இருக்கட்டும். வெள்ளை மாளிகையின் அறிவியல், தொழில்நுட்பக் கொள்கை அலுவலகத் தலைவர் வேறொரு ஆய்வு நிறுவனத்தின் முகவரியில் வைத்திருந்த அஞ்சல்கள் பற்றிய வழக்கு அது. பிற நாடுகளில் அது கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு உதவும். இந்தியச் சட்டமும் ‘வைத்திருக்கும்’ என்பதோடு ‘கட்டுப்பாட்டில் உள்ள’ தகவலையும் சேர்த்தே சொல்கிறது. அலுவல் ரீதியாக அந்த அதிகாரி அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதிலிருந்து வாதத்தைத் தொடங்கலாம்.

துப்பு எங்கே கிடைக்கும்? உங்களுக்குக் கிடைத்த அஞ்சல் நகல்களின் சிசி வரியைப் பாருங்கள். ஒரு பதிலுக்குக் கேள்வி இல்லை, ஒரு கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அந்த இடைவெளியைத் தேதியோடு சுட்டிக்காட்டுங்கள்.

அழித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பெருகும். மறுமுனையில் ஒரு நகல் இருக்கிறது. அழித்தது தெரியவந்தால், அதுவரை விதி மீறலாக இருந்தது குற்றமாக மாறலாம். பிரிட்டன் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, கேட்கப்பட்ட தகவலைத் தடுக்கும் நோக்கோடு அழிப்பதையும் மறைப்பதையும் குற்றமாக்குகிறது. இந்தியாவில் 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டத்தை மீறிப் பதிவை அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனு நிலுவையில் இருக்கும் தகவலை அழித்தால் தகவல் உரிமைச் சட்டப்படி நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து.

கட்சி வேலையை அரசு முகவரியில் செய்யக் கூடாது என்கிறார்கள். பிறகு சொந்த முகவரி வேண்டாமா?

வேண்டும். இரண்டு முகவரி வைத்திருப்பது தவறில்லை, கலப்பதுதான் தவறு. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆட்சியில் வெள்ளை மாளிகை ஊழியர்கள் சிலருக்குக் கட்சியின் சர்வரில் தனிக் கணக்குகள் இருந்தன, கட்சி வேலையைப் பிரித்து வைக்கத்தான். அரசு வழக்கறிஞர்கள் நீக்கப்பட்ட விவகாரம் 2007-இல் வெடித்தபோது, அரசு வேலையும் அந்தக் கணக்குகளில் நடந்தது தெரியவந்தது.

அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறேன். சொந்தப் பெட்டியில் பல வருட அலுவல் அஞ்சல் கிடக்கிறது.

கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். ஓய்வு நாளில் அலுவலகக் கணக்கு முடக்கப்படும், பிறகு நகல் அனுப்ப உங்களுக்கென்று ஒரு முகவரி இருக்காது. மேலே சொன்ன முறையில் தேடி, வருடவாரியாக இ.எம்.எல். அல்லது எம்பாக்ஸ் கோப்புகளாக எடுத்து, ஆவணப் பொறுப்பாளரிடம் பட்டியலோடு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்களை இன்னும் பழைய முகவரியில் தொடர்புகொள்கிறவர்களுக்கு, பொறுப்பேற்பவரின் பதவி முகவரியைச் சொல்லி ஒரு தானியங்கிப் பதிலை ஆறு மாதமாவது வைத்திருங்கள். ஒப்புகையின் நகலை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அது மட்டும் உங்களுடையது.